கேலனுக்கு நாற்பத்திரண்டு மைல்

உன் இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது, கண்ணு. கோட்டைப்பட்டினம் பக்கம் உனக்கு வேலை போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எழுந்து போய் காரின் பானட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் அப்பா சிரித்தார். "மக டாக்டரா போறா, நீ வண்டிக்குச் சேதி சொல்ற" என்றார். அந்த லெட்டரின் மடிப்பில், ஓரமாக, நெருக்கி நெருக்கி நீ நான்கு கேள்விகள் எழுதியிருந்தாய். நம் காரை நீ எடுத்துக்கொண்டு போகலாமா? கடற்கரைப் பக்கம் அது தாங்குமா? சாமான்கள் கிடைக்குமா? கடைசியில் ஒரு வரி: "கேலனுக்கு நாற்பத்திரண்டு மைல் கொடுக்கும், வழியில் நின்றதே இல்லை, அதனால் பயமில்லை, இல்லையா அம்மா?" அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். முதல் மூன்று கேள்விகளுக்கு ஒரு போஸ்ட் கார்டு போதும். நான்காவதற்கு இத்தனை பக்கம் தேவைப்படுகிறது. அதையும் உனக்கு மட்டும் எழுதினால் போதாது என்றுதான், கார் வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கே அனுப்புகிறேன். அந்த நாற்பத்திரண்டை முதலில் அச்சில் ஏற்றியவள் நான்தான். அச்சிலேயே அதை இறக்க வேண்டும்.

கார் நம் வீட்டுக்கு வந்தபோது நீ சின்னப் பெண். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு அடுத்த சில வருஷங்களில், திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றில் துணி போட்டு மூடி வைத்திருந்த கார் அது. கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம். எட்டுக் குதிரைச் சக்தி, நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும், கூரை உருண்டையாக இருக்கும். பெட்ரோல் பங்கில் அதைப் பார்த்தவுடனே "கவுத்துன சட்டி வருது டோய்" என்பார்கள். எனக்கு அதில் ரோஷம் ஒன்றும் இல்லை. சட்டி என்றே நாமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த எனக்கு, சாவியைத் திருப்பினால் கிளம்பும் ஒரு பொருள் சொந்தமாகக் கிடைத்திருக்கிறது! அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடவே வந்த இங்கிலீஷ் கைப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய நியூஸ் பேப்பரில் வரிசையாக அடுக்கினேன். திரும்ப மாட்டியபோது ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சியது. ஆவூர் மெக்கானிக் சவரிமுத்து வந்துதான் அதைச் சேர்த்தார். "ஒடம்பக் கிழிச்சுத் தைக்கிறப்பவும் இப்பிடித்தான் மிச்சம் வைப்பீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

முதலில் உன் சுலபமான கேள்விகளை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் சட்டிக்குக் கோபம் வரும். வெயிலில் நெடுந்தூரம் போனால் பெட்ரோல் பம்ப் சூடாகி, எண்ணெய் ஆவியாகி, இன்ஜின் மூச்சு முட்டித் திணறும். பயப்படாதே. ஒரு கந்தல் துணியை நனைத்து அதன் மேல் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்கார். அதற்குத்தான் எப்போதும் ஒரு கூஜா தண்ணீர். ரேடியேட்டருக்கு இன்னொரு கூஜா. இரண்டையும் நீ குடித்துவிடாதே. கடல் காற்றில் கதவின் அடிப்பக்கம் துருப்பிடிக்கும், வாரம் ஒரு நாள் நல்ல தண்ணீரில் கழுவு. பாட்டரி சோம்பினால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். ஆனால் கட்டை விரலைக் கைப்பிடிக்குள் மடக்கக் கூடாது, எகிறி அடித்தால் எலும்பு போய்விடும். சாமான்கள் திருச்சியில் கிடைக்கும். கிடைக்காததைச் சவரிமுத்து செய்து தருவார். கிளட்ச் பிளேட்டை ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். பின் ஸ்பிரிங் பட்டை ஒரு தடவை உடைந்திருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு இது ரொம்பக் கம்மி. நம்பி எடுத்துக்கொண்டு போ. இது உண்மை.

இனி நாற்பத்திரண்டுக்கு வருகிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருஷம், நான்கு சக்கரத்துக்கும் டயர் தேய்ந்து நூல் தெரிந்துவிட்டது. சரியான அளவு எங்கேயும் கிடைக்கவில்லை, இறக்குமதி இல்லை என்று கைவிரித்தார்கள். சவரிமுத்து எங்கேயோ அலைந்து நான்கு டயர் கொண்டுவந்தார். "ரெண்டு வெரக்கட ஒசரம் கம்மிதாம்மா. ஆனா ஓடும்" என்றார். ஓடினால் போதும் என்று இருந்தேன். ஓடியது என்றா சொல்கிறேன், பறந்தது! அதுவரை கேலனுக்கு முப்பத்தெட்டுக்குச் சற்று மேலே கொடுத்துக்கொண்டிருந்த சட்டி, அடுத்த வாரமே நாற்பத்திரண்டு கொடுத்தது. டாங்கை வறட்டி, ஒரு கேலன் அளந்து ஊற்றி, நிற்கும் வரை ஓட்டி, மைல் மீட்டரைப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நாற்பத்திரண்டு. வேகமும் கூடியிருந்தது. முள் நாற்பத்து மூன்றைக் காட்டும். ஆனால் நாற்பதுக்கு மேல் போகவே போகாத அறந்தாங்கி பஸ் என்னை முந்திக்கொண்டு போகும். அந்த டிரைவர் இன்றைக்கு ஏன் இப்படிப் பேய் மாதிரி ஓட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். புதுசாக ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருப்பவளுக்கு, பக்கத்தில் போகும் பஸ் சொல்வது காதில் விழாது.

உடனே இந்தப் பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். அச்சில் வந்தது. மாதக் கணக்கில் பதில்கள் வந்தன. டாக்டரம்மா எந்த ஊசியைப் போட்டார், கார்புரேட்டரை எத்தனை திருகு திருகினார், மலையிறக்கத்தில் இன்ஜினை அணைத்தாரா என்று எவ்வளவோ கேள்விகள். அந்த ரேழி மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது உனக்கு நினைவிருக்கும். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். உன் அப்பா, "பேஷண்ட் நாடியவிட இந்த வண்டி நாடியத்தான் நீ அதிகமா பிடிக்கிற" என்பார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அதே மாதிரி கார் வைத்திருந்த இன்னொருவர் ஆவிச்சி அண்ணன். உனக்குத் தெரியும், திருமயம் பக்கம், இரும்புக் கடை. அவர் கார் முப்பத்தேழுக்கு மேல் ஒரு அடி நகராது. என் கடிதம் அச்சில் வந்த பிறகு மனுஷர் கார்புரேட்டரை இரண்டு தடவை மாற்றினார். டிரைவரைத் திட்டினார். கடைசியில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க ஊசி போடுறது மனுசங்களுக்குன்னு நெனச்சேன். வண்டிக்கும் போடுவீகளோ?"

"ஓட்டுற கையப் பொறுத்ததுண்ணே."

"அப்ப எங் கை என்ன ஒலக்கையா? சரி, பாத்துருவோம். கட்டுமாவடிக்குக் கல்லுக் கணக்குல நாப்பது மைலு. எங் கண்ணு முன்னால ஒத்தக் கேலன் ஊத்துங்க. அது போயிச் சேந்துச்சுன்னா, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு பத்திரிகையில எழுதிப் போடுறேன். சேரலன்னா நீங்க எழுதணும்."

"எழுதுறேண்ணே. தாராளமா எழுதுறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்று பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் கண் முன்னால் டாங்கை வறட்டி, ஒரு கேலன் ஊற்றி, மூடியைச் சுற்றி அவர் நூல் கட்டி அரக்கு வைத்தார். கனம் குறையட்டும் என்று நான் பின்பக்கத்தைக் காலி செய்தேன். ஜாக்கி, கூஜா, எப்போதும் கூடவே வரும் பெட்ரோல் டின், ஸ்டெப்னி சக்கரம், எல்லாவற்றையும் ஷெட் சுவரில் சாய்த்து வைத்தேன். இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள், கண்ணு. சுவரில் சாய்த்த சக்கரத்துக்கு மறுபடி வருவேன்.

ஞாயிறு காலை ஆவிச்சி அண்ணன் வருவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் ஒருவன் வந்து இறங்கினான். கட்டுமாவடியில் படகுக்குப் போகிறவன். காளிமுத்து என்று வைத்துக்கொள். நிஜப் பெயர்களைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவன் தங்கை பஞ்சவர்ணத்துக்குத் தலைப்பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது செல்லாயி, அந்த ஊர் மருத்துவச்சி. "புள்ள பெருசா இருக்கு, எங் கைக்கு அடங்காதுன்னு செல்லாயி அக்காதான் அனுப்புச்சும்மா. உங்களக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு" என்றான். சட்டை முழுக்க வேர்வை. செல்லாயி அனுப்பினாள் என்பதையும் நீ மறக்கக் கூடாது.

பையை எடுத்தேன், அவனை முன் சீட்டில் உட்கார வைத்தேன், மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கிளப்பினேன். பெட்ரோல் பங்க் நம் தெருமுனையிலேயே இருக்கிறது. அரக்கைப் பிய்த்து இன்னொரு கேலன் ஊற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. டின்னை எடுத்து உள்ளே வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் செய்யவில்லை. மறந்துபோய்ச் செய்யாமல் விட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிடலாம், நீயும் நம்பிவிடுவாய். மறக்கவில்லை. போகிற இடமும் கட்டுமாவடி, பார்க்க நினைத்த இடமும் கட்டுமாவடி. அரக்கு அப்படியே இருக்கட்டும், இரண்டு காரியமும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு ஓடும், நாற்பதுதான் தூரம், இரண்டு மைல் கையில் மிச்சம். என் மனசுக்குள் அது அவ்வளவு அழகாக இருந்தது!

காளிமுத்து பயத்தில் மைல் கல்லை எண்ணிக்கொண்டே வந்தான். வாய்விட்டு எண்ணினான். பத்தாவது கல் வந்ததும் மீட்டரை எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இதுதான் எத்தன மைலு வந்திருக்கோம்னு காட்டுறதா?"

"ஆமா."

"இது பதினொன்னு காட்டுதே. கல்லு பத்துதானம்மா வந்திருக்கு."

"கல்லு நட்டவன் தப்பா நட்டிருப்பான். ரோட்டுக்காரங்க வேல அப்பிடித்தான் இருக்கும்."

"அப்பிடியா" என்றான். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். அறந்தாங்கியில் இருபதாவது கல். மீட்டர் இருபத்திரண்டு. அவன் மறுபடி என்னைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, "பெட்ரோல் போட வேணாமாம்மா? பஸ்ஸெல்லாம் இங்கிட்டுத்தான் போடுது. இதுக்கு மேல கடலு வரைக்கும் எங்கிட்டும் கெடைக்காது" என்றான். "இது பஸ் இல்லப்பா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதற்கப்புறம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "கொஞ்சம் அமுக்கி ஓட்டக் கூடாதாம்மா?" நான் முள்ளை முப்பத்தைந்தில் பிடித்து வைத்திருந்தேன். அதில்தான் எண்ணெய் குறைவாகப் போகும். "அவசரப்பட்டா இன்ஜின் சூடாயிரும்" என்றேன். அது பொய், கண்ணு. சட்டி ஐம்பதில் போனாலும் சூடாகாத காலை நேரம் அது.

முப்பத்தெட்டாவது கல்லைத் தாண்டி ஒரு பர்லாங், இரண்டு பர்லாங், இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் உடைமரம். இன்ஜின் ஒரு தடவை தும்மியது, இன்னொரு தடவை தும்மியது, நின்றது. இந்த இடத்தை எழுதத்தான் நான் மூன்று நாளாகப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து எழுந்து போனேன். நின்றவுடன் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. சரியாக நாற்பத்திரண்டு. எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று. கண் மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் வந்தது. பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்த்தேன்.

"என்னாச்சும்மா?"

"வண்டி நின்னுருச்சுப்பா. ரிப்பேரு."

ரிப்பேர் என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அவன் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஒன்றரை மைல்தான் என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பாதி வழியில் ஒரு சைக்கிளோடு திரும்பி வந்து என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி மிதித்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. செல்லாயி தனக்குத் தெரிந்த வகையில் இழுத்துப் பிள்ளையையும் தாயையும் காப்பாற்றியிருந்தாள். ஆனால் குழந்தையின் இடது கை துவண்டு தொங்கியது. தோளைத் திருப்பி விடுவிக்கும் வகையை நான் பயின்றவள், இருபது முப்பது தடவை செய்தவள். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அந்தக் கை நன்றாக இருந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. நீயும் டாக்டர், உனக்கே தெரியும். ஆனால் அரை மணி நேரம் முன்னால் வந்திருக்க முடியும் என்று சத்தியம் செய்வேன்.

பஞ்சவர்ணத்தின் மாமியார் செல்லாயியைப் பார்த்துக் கத்தினார். "புள்ள கையப் பிடுங்கிட்டியேடி பாவி, டாக்டரம்மா வர வரைக்கும் பொறுக்க முடியலயா ஒனக்கு?" செல்லாயிக்கு அப்போது என் வயசுதான் இருக்கும். கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசினால் போதும். நான் தொப்புள் கொடியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "மெஷினு பாழாப் போனா அம்மா என்ன செய்வாக" என்று என்னைத் தேற்றினார்கள். குழந்தைக்கு என் பெயரை வைத்தார்கள். உனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை கருவாட்டுப் பொட்டலத்தோடு நம் வீட்டுக்கு வருவாளே, இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள்தான். அவள் வரும்போதெல்லாம் நான் ஏன் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறேன் என்று நீ ஒரு தடவை கேட்டாய்.

அன்று சாயங்காலம், ரோட்டில் போன மீன் லாரியை நிறுத்திக் கடன் வாங்கிய பெட்ரோலில் வீட்டுக்கு வந்து ஷெட்டில் காரை நிறுத்தினேன். சுவரில் ஸ்டெப்னி சாய்ந்திருந்தது. அது பழைய அளவு, மாற்றவே இல்லை. காரின் சக்கரம் அதன் பக்கத்தில் வந்து நின்றதும் பார்த்தேன். ஒன்று உயரம், ஒன்று குட்டை. இரண்டு விரல் கட்டை. அப்போதே என்ன என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் என் புத்தி சும்மா விடுமா? இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன், தரையில் ஒரு சுற்று உருட்டினேன், தையல் டேப்பால் அளந்தேன். குட்டைச் சக்கரம் ஒரு மைல் போக அதிகச் சுற்று சுற்ற வேண்டும். மைல் மீட்டருக்குச் சுற்று மட்டும்தான் தெரியும், சக்கரத்தின் உயரம் தெரியாது. அதனால் அது ரோட்டைவிடக் கூடுதலாக மைல் காட்டியது. காரின் சாப்பாடு மாறவே இல்லை. பழைய முப்பத்தெட்டு சொச்சம்தான். கட்டுமாவடி தூரத்தை மைல் கல்லிடம் கேட்டேன், என் பெருமையை மீட்டரிடம் கேட்டேன். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். சவரிமுத்து ரெண்டு வெரக்கட என்று சொன்னார். பஸ் சொன்னது. காளிமுத்து கல்லை எண்ணிச் சொன்னான். எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆவிச்சி அண்ணனிடம், அவசரக் கேஸ் வந்துவிட்டது, அரக்கை உடைத்துப் பெட்ரோல் ஊற்ற வேண்டியதாகிவிட்டது, ஆட்டம் கலைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் பாவம், கேஸ்தான் முக்கியம் என்று போய்விட்டார். ஒரு வருஷம் கழித்துச் சரியான டயர் கிடைத்தது, மீட்டரும் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. யாருக்கும் எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் யாராவது ஒருவர் "புதுக்கோட்டை டாக்டரம்மா நாற்பத்திரண்டு எடுத்தாரே" என்று எழுதுகிறார். அவருக்கு இதுதான் பதில். ஆவிச்சி அண்ணே, உங்கள் கை உலக்கை இல்லை. பந்தயப்படி நான் எழுதிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் கடிதம் வந்த ஐந்தாம் நாள், சட்டியை எடுத்துக்கொண்டு கட்டுமாவடிக்குப் போனேன். நீ வேலைக்கு வரும் அதே கடற்கரைதான். உன் அப்பா கூட வரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இப்போது மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய கற்கள் ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்தன. காளிமுத்து வலை காயப் போட்டுக்கொண்டிருந்தான். பஞ்சவர்ணத்தையும் கூப்பிடச் சொல்லி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அரக்கு, டின், அறந்தாங்கி, முப்பத்தைந்து. ரிப்பேர் இல்லை என்று சொன்னேன்.

காளிமுத்து கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். பிறகு, "நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா, கல்லு பத்துதான்னு" என்றான். பஞ்சவர்ணம் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "பத்து வருசமா செல்லாயிய நான் ஏசாத ஏச்சு இல்ல" என்றாள். "அவ வீட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திருக்கேன். அப்பறம் இந்த ஊருல யாரும் அவள ஒரு பிரசவத்துக்குக் கூப்பிடல. வாங்கம்மா." என் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.

செல்லாயி இப்போது மீன் கூடை தூக்குகிறாள். தலைச் சும்மாட்டை அவிழ்க்காமலே நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தோள எப்பிடித்தான் எடுக்கணும்? பத்து வருசமா கண்ண மூடுனா அந்தத் தோளுதான் வருது. தல வந்துருச்சு, தோளு எங்கயோ இடிக்குது. நான் இழுத்தேன். வேற என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க."

பத்து வருஷத்தில் அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய சேலையைச் சுருட்டிக் குழந்தையாக்கி, கழுத்து குறுகின பானை ஒன்றை வைத்துக்கொண்டு காட்டினேன். தாயின் முழங்காலை எப்படி வயிற்றோடு மடக்குவது, அடிவயிற்றில் எங்கே அமுக்குவது, விரலை எந்தப் பக்கம் விட்டுத் தோளைத் திருப்புவது. இழுக்காதே, திருப்பு என்றேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே செய்து பார்த்தாள். சேலைக் குழந்தை சிக்கியது. மறுபடி செய்தாள். பஞ்சவர்ணம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயரை வைத்திருக்கிற பெண் உள்ளே வந்து, வலது கையால் பானையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். நாலாவது தடவை தோள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "அட" என்றாள் செல்லாயி. அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன், கண்ணு. கார் கேலனுக்கு முப்பத்தெட்டு கொடுக்கும், நல்ல ரோட்டில் அரை மைல் கூட. லிட்டருக்கு நீயே கணக்குப் போட்டுக்கொள். ஒரே ஒரு தடவை வழியில் நின்றிருக்கிறது. அதற்குக் காரணம் சட்டி இல்லை. டின்னை நிறைத்துப் பின்னால் கட்டியிருக்கிறேன், அதை இறக்கவே இறக்காதே. நீ வேலையில் சேர்ந்ததும் உன்னோடு பிரசவத்துக்கு வர முடியுமா என்று செல்லாயியைக் கேட்டேன். ஒங்க மக வந்து கேட்கட்டும் என்றாள். போய்க் கேள். வந்தாளானால் முன் சீட்டைக் கொடு. அவள் கார் ஏறியதே இல்லையாம். வழியெல்லாம் மீட்டரையும் கல்லையும் பார்த்து எதையாவது கேட்டுக்கொண்டே வருவாள். கிலோமீட்டரை மைலாக்கின பிறகும் அவள் எண்ணுவதும் மீட்டர் சொல்வதும் ஒத்து வராவிட்டால், காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கல்லைப் பார்.